உட்கார்ந்த இடத்திலிருந்து அதட்டாதீர்கள், எழுந்து போங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கும் எங்களுக்கு ஐந்து வயதில் மகன், இரண்டரை வயதில் மகள். வீட்டில் ஓரளவு சொன்ன பேச்சுக் கேட்கிறார்கள். வெளியே போனால் தலைகீழ். உணவங்காடி நிலையத்தில் மேசைகளுக்கு நடுவே மகன் ஓடுகிறான், எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்துச் சுற்றுகிறான். பேரங்காடியில் கேட்டதை வாங்கித் தராவிட்டால் மகள் தரையில் படுத்துவிடுகிறாள். போன வாரம் பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர், "பிள்ளைய ஒழுங்கா வளர்க்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். மாமியாரோ "சின்னப் பிள்ளைங்கதானே, விடு" என்கிறார். இது எங்கள் தவறா? என்ன செய்யலாம்?

பதில்:

இரண்டரை வயதுக் குழந்தை தரையில் படுத்து அழுவது உங்கள் தவறு அல்ல. சூடான சூப் கிண்ணத்தை ஏந்தி வருபவரின் காலுக்குக் குறுக்கே ஐந்து வயதுப் பையன் ஓடுவதும், நீங்கள் நாற்காலியை விட்டு எழாமல் "டேய், ஓடாதே" என்று குரல் மட்டும் கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், அழும் குழந்தையை அடிக்கிறோம், ஓடும் பிள்ளையை விட்டுவிடுகிறோம்.

முதலில் வயதைப் பாருங்கள். ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை அடம் பிடிப்பது வளர்ச்சியின் பகுதி. வேண்டும் என்ற ஆசை மலையளவு இருக்கும், அதைச் சொல்லப் பத்து வார்த்தைகூட வராது. பெரும்பாலான அடம் சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். ஐந்து வயதில் கதை வேறு. அவனுக்கு விதி தெரியும், கேட்டால் ஒப்பிப்பான். ஆனால் கண் முன்னால் ஒன்று இழுக்கும்போது அந்த விதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் இன்னும் வரவில்லை. தன்னை அடக்கும் வேலையைச் செய்யும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர இருபது வயதும் தாண்டிவிடும். அதுவரை அந்த வேலையை ஓரளவு நாம்தான் செய்து தர வேண்டும். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்பது அவனிடம் எடுபடாததற்குக் காரணம் திமிர் அல்ல. போன வாரம் சொன்னது இந்த நிமிடத்தில் அவன் கையில் இல்லை.

அடுத்து, நம் வீடுகளில் பரம்பரையாக வரும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் கெடுப்பது அதுதான். "அந்த அங்கிள் திட்டுவாரு பாரு." "மாத்தா (போலீஸ்) வந்து பிடிச்சிட்டுப் போயிடுவாரு." அந்தக் காலத்துப் பூச்சாண்டிதான் இன்று எம்ஆர்டி ஊழியராகவும் கடைக்கார ஆண்ட்டியாகவும் வேடம் மாறியிருக்கிறது. இப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் பிள்ளைக்கு நீங்கள் சொல்வது என்ன? விதி என்னுடையது இல்லை, அந்த அங்கிளுடையது. அவர் பார்க்காதபோது ஓடலாம். அவர் திட்டாமல் சிரித்துவிட்டால் விதியே இல்லை. அவர் உண்மையிலேயே திட்டிவிட்டால், நீங்களே "என் பிள்ளையைத் திட்ட நீங்க யாரு" என்று சண்டைக்குப் போகிறீர்கள். போலீசைக் காட்டிப் பயமுறுத்திய பிள்ளை, கூட்டத்தில் தொலைந்துபோனால் சீருடையைப் பார்த்து ஒளிந்துகொள்ளும். தீபாவளி நேரத்து சிராங்கூன் ரோட்டு நெரிசலில் இது விளையாட்டல்ல. "அப்பா சொல்றேன், இங்க நடக்கணும்" என்று உங்கள் பெயரிலேயே சொல்லிப் பழகுங்கள்.

இனி உணவங்காடி. பொது இடங்களில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சத்தத்தை யாரும் பொறுத்துக்கொள்வார்கள். கொதிக்கும் நூடல்ஸ் சூப்பைப் பொறுத்துக்கொள்ள முடியாது. தட்டை இரு கையால் ஏந்தி வருபவருக்குத் தன் இடுப்புக்குக் கீழே என்ன வருகிறது என்று தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளையின் தலை சரியாக அந்த உயரத்தில் இருக்கிறது. தட்டு சாய்ந்தால் முகம், கழுத்து, மார்பு. வயது வந்தவரின் தோலை விடக் குழந்தையின் தோல் மெல்லியது, ஆழமாக வேகும். அப்படி நடந்துவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையோ எண்ணெயோ பனிக்கட்டியோ வேண்டாம். முகத்திலோ பெரிய பரப்பிலோ பட்டிருந்தால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

அதனால் இடம் பிடிப்பதிலேயே வேலை தொடங்குகிறது. கடை வரிசைக்கும் தட்டு வைக்கும் அடுக்குக்கும் தள்ளி, சுவரோரமாகவோ தூணோரமாகவோ உள்ள மேசையைப் பாருங்கள். பிள்ளை சுவர்ப்பக்கம், பெரியவர் நடைபாதைப் பக்கம். ஒருவர் வரிசைக்குப் போனால் இன்னொருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக இரண்டு பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால், முதலில் உடனே கிடைக்கும் ஒன்றை வாங்கி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, உங்களுக்கானதை மேசைக்கே கொண்டுவந்து தரும் கடையில் சொல்லுங்கள். வெறும் மேசை முன்னால் 15 நிமிடம் காத்திருக்கச் சொன்னால் ஐந்து வயதுக்காரன் ஓடத்தான் செய்வான். சாப்பாடு முன்னால் இருக்கும்போது அவன் உட்காரக்கூடிய நேரம் சுமாராக 15 முதல் 20 நிமிடம், தங்கைக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் தே தாரேக் (ஆற்றிய தேநீர்) குடித்துக்கொண்டு கதை பேச ஆசை இருந்தால், ஒருவர் எழுந்து பிள்ளைகளை வெளியே நடக்க வைக்க வேண்டும். இதில் மாறி மாறிச் செய்யும் கணக்கைக் கணவனும் மனைவியும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். இல்லையென்றால் எப்போதும் ஒரே ஆள்தான் ஆறிய சாப்பாட்டைச் சாப்பிடுவார்.

மகன் எழுந்து ஓடிவிட்டான் என்று வையுங்கள். வழக்கமாக நடப்பது என்ன? மேசையிலிருந்து "கவின், ஓடாதே." கரண்டி வாய்க்குப் போகிறது. "கவின்!" இன்னொரு வாய். "கவின், அம்மா எழுந்து வந்தேன்னா தெரியும்." ஏழாவது தடவை குரல் உச்சத்துக்குப் போகும்போது அவன் நிற்கிறான். முதல் ஆறு தடவையும் பொருட்டல்ல, ஏழாவதுதான் நிஜம் என்று அவனுக்குப் பாடம் எடுத்தது நீங்கள்தான். இதை மாற்ற ஒரே வழி, முதல் தடவையே எழுந்து போவது. கத்தாமல் அவன் பக்கத்தில் போங்கள். முழங்காலை மடித்து அவன் கண்ணுக்கு நேரே வாருங்கள். தோளில் கை வையுங்கள். ஒரே வாக்கியம்: "இங்க நடக்கணும். சூடான சாப்பாடு வருது." பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்து வினாடி முக்கியம். பெரும்பாலோர் அந்த இடைவெளியை அறிவுரையால் நிரப்பிவிடுகிறார்கள். அவன் கேட்டால், "நடக்கிற, நல்லது" என்று அப்போதே சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் ஒரே ஒரு முறை: "மறுபடி ஓடினா நாம வெளிய போய் ரெண்டு நிமிஷம் உட்காரணும்." மறுபடி ஓடினான் என்றால் கோபப்படாமல், பேசாமல், கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, திரும்பி வந்து சாப்பாட்டைத் தொடருங்கள்.

தண்டனை என்று ஒன்று இருந்தால் அது சின்னதாக, உடனே, உங்களால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "இனிமே உன்னை எங்கேயும் கூட்டிட்டு வரமாட்டேன்" என்பது மறுநாளே பொய்யாகிவிடும். "வீட்டுக்கு வா, ரோத்தான் (பிரம்பு) இருக்கு" என்பதும் அப்படித்தான்: ஒரு மணி நேரம் கழித்து விழும் அடியை அந்த ஓட்டத்தோடு அவன் சேர்த்துப் பார்ப்பதில்லை, உங்கள் கோபத்தோடுதான் சேர்க்கிறான். அடி அந்த நொடியில் நிறுத்தும், மறுக்கவில்லை. பிறகு நீங்கள் இல்லாத இடத்தில் செய்யக் கற்றுக்கொடுக்கும். சிங்கப்பூரில் பெற்றோர் பிள்ளையைக் கண்டிப்பதைச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் கண்டிப்பு துன்புறுத்தலாக மாறினால் சிறுவர், இளையர் சட்டத்தின்கீழ் அது குற்றம், அக்கம்பக்கத்தார் 1800-777-0000 என்ற வன்முறைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம். சட்டத்தை விடுங்கள். நாலு பேர் முன்னால் கன்னத்தில் விழுந்த அடியைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

மகளின் அடத்துக்கு வருவோம். பேரங்காடியில் பணம் கட்டும் இடத்தில் மிட்டாயும் முட்டை வடிவ சாக்லேட்டும் மிகச் சரியாக இரண்டரை வயதுக் கண் உயரத்தில் அடுக்கியிருக்கும். தள்ளுவண்டியில் உட்கார்ந்தபடியே கை எட்டும். அங்கே அவள் கேட்கிறாள், நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். அவள் சிணுங்குகிறாள், நீங்கள் விளக்குகிறீர்கள். கத்துகிறாள், வரிசையில் உள்ளவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், உங்கள் காது சூடாகிறது, சாக்லேட் கூடைக்குள் விழுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் இதை ஒரு சுழலாக விளக்கியிருக்கிறார்: பிள்ளை கத்துகிறது, பெற்றோர் விட்டுக்கொடுக்கிறார், கத்தல் நிற்கிறது. பிள்ளைக்குச் சாக்லேட், பெற்றோருக்கு நிம்மதி. இருவருக்கும் பரிசு கிடைத்ததால் இருவரும் அடுத்த முறையும் அதையே செய்வார்கள். இதைவிட மோசமானது, ஐந்து தடவையில் நான்கு தடவை உறுதியாக இருந்துவிட்டு ஐந்தாவது தடவை விட்டுக்கொடுப்பது. எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை மிகக் கெட்டியாக்கும். இன்னொரு அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் சோதனைகள் காட்டிய உண்மை அது.

ஆகவே, கொடுப்பதாக இருந்தால் முதல் கேட்பிலேயே சிரித்த முகத்தோடு கொடுத்துவிடுங்கள். இல்லை என்று சொல்லிவிட்டால், பத்தாவது நிமிடத்திலும் இல்லைதான். களைத்துப்போயிருக்கிறீர்கள், இன்று தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்தால் முன்னதைத் தேர்ந்தெடுப்பதில் வெட்கமே வேண்டாம்.

அழுகை வெடித்துவிட்டால் பேச்சு வேலைக்கு ஆகாது. தலை இடிக்காத, மற்றவர் வழியை மறைக்காத இடத்துக்குத் தூக்கிப் போங்கள்: கடைக்கு வெளியே, மின்தூக்கிப் பக்கம், படிக்கட்டு ஓரம். கூடையைக் காசாளரிடம் "அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டு விட்டுப் போகலாம், அவர்கள் இதைத் தினமும் பார்க்கிறவர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "சாக்லேட் வேணும்னு இருக்கு, கிடைக்கலைன்னு அழுகையா வருது" என்று ஒரு முறை சொன்னால் போதும். அந்த நேரத்தில் கைப்பேசியை நீட்டாதீர்கள், அதுவும் சாக்லேட்தான். அழுகை தணிந்ததும் தண்ணீர் கொடுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள், திரும்பிப் போய்ப் பணம் கட்டுங்கள். சாக்லேட் இல்லாமல். முதல் மூன்று நான்கு தடவை அழுகை முன்னைவிட அதிகமாகத்தான் இருக்கும், இதுவரை வேலை செய்த வழி ஏன் வேலை செய்யவில்லை என்று அவள் சோதிக்கிறாள். பலர் சரியாக இந்த இடத்தில்தான் "இது நமக்கு ஒத்துவராது" என்று கைவிடுகிறார்கள்.

கைப்பேசியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியில் 18 மாதம் வரை திரையே வேண்டாம் என்றும், 18 மாதத்திலிருந்து 6 வயது வரை பள்ளிக்கு வெளியே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்றும், சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம் என்றும் இருக்கிறது. திரையைப் பார்த்தபடி விழுங்கும் பிள்ளை உணவங்காடியில் உட்காரக் கற்றுக்கொள்ளவில்லை, திரை முன்னால் உட்காரக் கற்றுக்கொண்டிருக்கிறது. பதிலுக்குப் பையில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான்: ஈரத்தாள், மாற்றுச் சட்டை, தண்ணீர், இரண்டு பிஸ்கட், ஆறு வண்ணக் குச்சிகள், ஒரு சின்னப் புத்தகம், ஒட்டுப்படங்கள். இவை வீட்டில் கைக்குக் கிடைக்கக் கூடாது. வெளியே போனால் மட்டும் வரும் பொருளுக்குத்தான் மவுசு.

எம்ஆர்டியில் இரண்டு விஷயம் மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். மின்படியில் ரப்பர்ச் செருப்பு அணிந்த பிள்ளையின் கால் ஓரச் சுவரில் உரசினால் செருப்பு உள்ளே இழுபடும், கூடவே விரலும். மஞ்சள் கோட்டுக்குள், ஓரத்தில் ஒட்டாமல், கையைப் பிடித்தபடி நிற்க வையுங்கள். கீழே உள்ள சிவப்பு நிறுத்து பொத்தானை விளையாட்டாக அழுத்தினால் மேலே நிற்கும் முதியவர் விழுவார். அதை முன்கூட்டியே காட்டி, எதற்கு என்று சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்த பொத்தானைத்தான் விரல் தேடும். ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, அதிகபட்ச அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), எனவே ஏறுவதற்கு முன்பே பிஸ்கட்டை முடித்துவிடுங்கள். காலணியோடு இருக்கையில் ஏறி நின்றால் இறக்கிவிட்டு, அந்த இடத்தைப் பிள்ளை கையாலேயே ஈரத்தாளால் துடைக்க வையுங்கள். கம்பியைச் சுற்றும் பிள்ளைக்கு வேலை கொடுங்கள்: "இன்னும் எத்தனை நிலையம் இருக்கு, நீ எண்ணிச் சொல்லு."

கோவிலிலும் அதே முறைதான். ஈரமான கருங்கல் தளம், எரியும் விளக்கு, வெறும் கால். ஓடினால் வழுக்கும். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் சும்மா நில் என்றால் யாராலும் முடியாது. பூத்தட்டை ஏந்தக் கொடுங்கள், பிரகாரத்தைச் சுற்றும்போது எத்தனையாவது சுற்று என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தீபாராதனை நேரத்துக்கு மட்டும் உள்ளே இருந்தாலும் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது.

பக்கத்து மேசைப் பெரியவர் விஷயம். அவர் சொன்ன விதம் சரியில்லை. ஆனால் அந்தச் சூடான சூப் கிண்ணத்தை நினைத்தால் அவர் கவலையில் நியாயம் உண்டு. முதலில் "மன்னிச்சிடுங்க அண்ணே, பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பிள்ளையைக் கூட்டி வாருங்கள். உங்கள் மகன் அதைப் பார்க்கிறான், மற்றவருக்குத் தொந்தரவு கொடுத்தால் பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்று அங்கேதான் கற்றுக்கொள்கிறான். பிள்ளையை நேரடியாகத் திட்டினாலோ, கைப்பேசியில் படம் எடுத்தாலோ நிற்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு: "என்கிட்ட சொல்லுங்க, நான் பார்த்துக்கிறேன்." பார்ப்பவர்களுக்கும் ஒன்று: ஆபத்து என்றால் ஒழிய, சொல்ல வேண்டியதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். வளர்ப்பைப் பற்றி அல்ல, இப்போது நடப்பதைப் பற்றி. "சூப்பு சூடா வருதும்மா, தம்பியைப் பிடிச்சுக்கங்க" என்றால் யாருக்கும் கோபம் வராது.

ஏதாவது உடைந்துவிட்டால்? பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை செய்ததைச் சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்துக்கு முன் இந்த வயது ஏழாக இருந்தது. இழப்பீட்டில், பிள்ளை செய்த எல்லாவற்றுக்கும் பெற்றோர் தானாகவே பொறுப்பு என்று பொதுச் சட்டம் சொல்லவில்லை. நியாயமான அளவு கவனித்தீர்களா என்பதுதான் கேள்வி. அதனால் "உடைத்தால் வாங்க வேண்டும்" என்ற அறிவிப்புப் பலகையே தீர்ப்பாகிவிடாது. 2022 மே மாதம் ஹாங்காங்கில் ஒரு பொம்மைக் கடையில் ஐந்து வயதுப் பையன் ஆளுயரப் பொம்மையை உதைத்து உடைத்துவிட்டான் என்று சொல்லி, தந்தை 33,600 ஹாங்காங் டாலர் கட்டினார். பிறகு வெளிவந்த கேமராப் பதிவில் அவன் உதைக்கவில்லை, சாய்ந்ததில் பொம்மை விழுந்தது தெரிந்தது, கடை பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எனவே மன்னிப்பை உடனே கேளுங்கள், தொகையை நிதானமாகப் பேசுங்கள், பதிவு இருந்தால் பாருங்கள். ஆனால் பத்து வெள்ளிக் கோப்பைக்குச் சட்டம் பேசாதீர்கள். கட்டிவிடுங்கள். அதில் ஒரு வெள்ளியோ இரண்டு வெள்ளியோ மகனின் உண்டியலிலிருந்து அவன் கையாலேயே வரட்டும்.

மாமியாரிடம் பிள்ளைகள் முன்னால் வாதாட வேண்டாம். கிளம்பும் முன் உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொல்லட்டும்: "நாங்க ஒண்ணு சொல்றப்ப நீங்க குறுக்க எதுவும் சொல்லாதீங்கம்மா. தப்புன்னு பட்டா வீட்டுக்கு வந்ததும் சொல்லுங்க." கூடவே அவருக்கு ஒரு வேலையைப் பிரித்துக் கொடுங்கள், வழியில் கதை சொல்வது அவருடையது. வீட்டில் பணிப்பெண் இருந்தால், பிள்ளைகளை நிறுத்தும் அதிகாரத்தை அவர்கள் முன்னிலையிலேயே அவருக்குக் கொடுங்கள். பணிப்பெண்ணை ஏவிப் பழகிய பிள்ளை துப்புரவு ஆண்ட்டியையும் அப்படித்தான் பார்க்கும்.

நான்கு வயது தாண்டியும் தினமும் அடம், 25 நிமிடத்துக்கு மேல் அடங்காத அழுகை, தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துவது, கூட்டச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு உறைந்துபோவது, வயதுக்கேற்ற பேச்சு வராதது ஆகியவை இருந்தால் இந்த முறைகளை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தோடு பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள், தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை கூட்டத்தில் கதறுவது அடமே அல்ல, அங்கே விதியைவிட அமைதியான மூலைதான் முதலில் வேண்டும்.

உங்கள் முதல் பயிற்சியை இப்படி வையுங்கள். நால்வருமாகச் சனிக்கிழமை மதியம் போகாதீர்கள். வார நாளில் ஒரு மாலை மூன்று மணி, மகன் தூங்கி எழுந்த பிறகு, அவனும் நீங்களும் மட்டும், வீட்டுக்குக் கீழே உள்ள உணவங்காடிக்கு. வாசலிலேயே மூன்றே விதி: நடப்போம், உட்கார்ந்து சாப்பிடுவோம், மெதுவாகப் பேசுவோம். அவன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். ஒரு ரொட்டியோ பாலோ, 15 நிமிடம். சிந்தியதை அவனே ஈரத்தாளால் எடுக்கட்டும். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைக்காத பெரியவர்களுக்கு முதலில் எழுத்துமூல எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி. சிறு பிள்ளைக்கு அந்த அபராதம் இல்லை, ஆனால் காலிக் கோப்பையை ஏந்தி வர அவனால் முடியும். ஹலால் தட்டுகளை வைக்கும் அடுக்கு எது, மற்றது எது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லி வைக்க விடுங்கள். எல்லாம் நன்றாகப் போகிறதே, இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றும். அப்போதே கிளம்பிவிடுங்கள்.